சேரியைத் தள்ளி வைத்தால் நகரம் ஆகிவிடுமா?



இலத்தூரில் நடவுக்குப் போகும் பெண்ணின் வீட்டை 20 கிலோமீட்டருக்கு அப்பால் தூக்கிக்கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? விடிகாலையில் வயலில் இறங்க முடியாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அத்தை இல்லை. கூலி கிடைக்காத நாளில் கடனுக்கு அரிசி தரும் கடைக்காரரும் இல்லை. புது வீடு கல்வீடாகவே இருக்கட்டும். அங்கே உலை கொதிக்குமா?

சென்னையில் நடந்தது இதுதான்!

1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டுவது அன்றைய வழி. நொச்சிக்குப்பத்து மீனவர்களுக்குக் கடலோரத்திலேயே வீடு எழுந்தது. பின்னாளில் நகரத்து மனையின் விலை ஏறியது. ஏழையின் இடம் பணக்காரன் கண்ணை உறுத்தியது. 2000 முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஜனங்களை லாரியில் ஏற்றினார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வீட்டு வேலை செய்தவள், மீன் விற்றவள், சுமை தூக்கியவன் எல்லோருடைய பிழைப்பும் பழைய தெருவிலேயே நின்றுவிட்டது.

"பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாயிற்றே!" என்பார்கள். உண்மை, 2021 முதல் சாதாரண பஸ்ஸில் கட்டணம் இல்லை. ஆனால் வழியில் கழியும் மணிநேரங்களுக்கு யார் கூலி கொடுப்பது?

"வெள்ளத்திலிருந்து காப்பாற்றினோம்" என்பார்கள். ஆற்றங்கரைச் சகதியில் கிடக்க யாருக்கும் ஆசையில்லை. ஆனால் 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரை ஜனங்களை எங்கே கொண்டுபோனார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்துக்கு! தண்ணீர் தேங்கும் இடத்திலிருந்து தண்ணீர் தேங்கும் இடத்துக்கு! இதற்குப் பெயர் பாதுகாப்பா?

"நகருக்குள் இடமில்லை" என்பார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து மாண்டார். அதன் பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தருவதாகச் சட்டசபையில் அறிவித்தார்கள். அப்படியானால் இடம் இருந்தது! அதை வெளிக்கொண்டுவர ஓர் உயிர் போக வேண்டியிருந்தது!

தெருவுக்கு ஜீவன் தருவது எது? அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி 1961-இல் இதை ஒரு நூலாகவே எழுதினார். வீடும் கடையும் தொழிலும் கலந்திருக்க வேண்டும். குறுக்குச் சந்துகள் வேண்டும். வாடகை குறைந்த பழைய கட்டிடங்களும் வேண்டும். நெருக்கமாக ஜனங்கள் வாழ வேண்டும். அப்போது தெருவில் எந்நேரமும் கண்கள் இருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவள் பயமின்றி நடப்பாள் என்றார். நியூயார்க்கில் பேட்டைகளை அழித்துப் பெருஞ்சாலை போட வந்த அதிகாரிகளை ஜனங்களைத் திரட்டி எதிர்த்தார். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் பழைய ஊரெல்லாம் சொர்க்கம் என்று நாம் மயங்க வேண்டாம். நம் கோயில் ஊர்களின் ரத வீதிகளில் சந்தடிக்குக் குறைவில்லை. அந்த வீதிகளைச் சுத்தம் செய்தவனுக்கு எங்கே இடம் கொடுத்தார்கள்? ஊருக்கு வெளியே, சேரியில்! அந்தப் பழைய கோட்டையே இன்று 20 கிலோமீட்டருக்கு நீட்டி, அதற்கு "நகரத் திட்டம்" என்று பெயர் சூட்டுகிறார்கள்.

தென்காசி 2019-இல் மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டது. இனி வரைபடங்கள் வரும். அளவு நாடாக்கள் வரும். அவை வருமுன் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து உரக்கக் கேட்போம்:

இருக்கும் இடத்திலேயே வீடு கொடு! இருக்கும் இடம் ஆபத்தானால், நடக்கும் தூரத்தில் கொடு!

வீட்டோடு பள்ளி, ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, சந்தைக்கும் இடம் விடு!

குடியிருப்போர் கூடிச் சம்மதிக்காமல் ஒரு சுவரையும் இடிக்காதே!

நகரத்தைக் கட்டிய கைகளுக்கு நகரத்தில் இடம் வேண்டும்!