எடை குறைந்தால் போதுமா?

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது பழமொழி. மெக்கானிக்கல் படிக்கிற நாம் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கறுப்பாய் இருப்பதெல்லாம் இரும்பல்ல!

2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசு பீரங்கித் தொழிற்சாலை 'நிர்பீக்' என்றொரு ரிவால்வரை வெளியிட்டது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களின் பாதுகாப்புக்கென்று சொல்லி வந்த துப்பாக்கி இது. நிர்பீக் என்றால் அச்சமற்றவர் என்று பொருள். எடை சுமார் 500 கிராம். உலோகம் டைட்டானியக் கலவை. அன்றைய விலை ரூ.1,22,360!

ஏன் டைட்டானியம்? கணக்கு எளிது. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு சுமார் 7.8 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. அப்படியானால் அலுமினியத்திலேயே முழுசாகச் செய்தால் என்ன என்று கேட்கலாம். செய்து பார்த்தார்கள், நண்பர்களே! 1950-களில் அமெரிக்க விமானப்படைக்காக பிரேம், சிலிண்டர் இரண்டையும் அலுமினியக் கலவையில் செய்தார்கள். மருந்து எரியும்போது வருகிற அழுத்தத்தைத் தாங்க வேண்டியது சிலிண்டர்தான். அது தாங்கவில்லை. அந்த ரிவால்வர்களைத் திரும்பப் பெற்று அழிக்க வேண்டியதாயிற்று. ஆகவே அலுமினியத்தை பிரேமோடு நிறுத்திக்கொண்டு, சிலிண்டரை எஃகிலோ டைட்டானியத்திலோ செய்வதே வழக்கமாயிற்று.

மேற்பூச்சிலும் இதே கதைதான். எஃகை காரக் கரைசலில் கொதிக்கவைத்துக் கறுப்பு ஆக்சைடு படியச் செய்வது ப்ளூயிங். அதே தொட்டியில் அலுமினியத்தைப் போட்டால் காரம் அதை அரித்துத் தின்றுவிடும். அதனால் அதற்கு அனோடைசிங். டைட்டானியமோ காற்றுப்பட்டதுமே தானாக ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும், துருப்பிடிக்காது. கண்ணுக்கு மூன்றும் ஒரே மாதிரி தெரியலாம், உள்ளே இருக்கிற குணம் வேறு வேறு.

சரி, எடை குறைந்தது லாபம்தானா? பள்ளியில் படித்த உந்தம் ஞாபகமிருக்கிறதா? அதே குண்டு, துப்பாக்கி மட்டும் பாதி எடை என்றால், அது இரண்டு மடங்கு வேகத்தில் பின்னுக்கு உதைக்கும். அந்த உதையின் ஆற்றலும் இரண்டு மடங்கு. பையில் வைத்துக்கொள்ளச் சுகம், சுடும்போது கைக்குச் சிரமம். இதைத்தான் பழக்கமில்லாத கைக்குக் கொடுத்துப் 'பாதுகாப்பு' என்றார்கள்!

இராஜபாளையத்தில் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வருகிற அக்காவால் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து இதை வாங்க முடியுமா? பணம் இருந்தாலும் லைசென்ஸ் வேண்டும், அதற்கு 21 வயது ஆக வேண்டும். அப்படியென்றால் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு? அவளுக்குத் தேவை எரிகிற தெருவிளக்கு, நேரத்துக்கு வருகிற பஸ், புகாரைக் காதுகொடுத்துக் கேட்கிற போலீஸ் ஸ்டேஷன். இவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை.

டைட்டானியம் மேல் எனக்குக் கோபமில்லை. அதன் மூலப்பொருளான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. முறிந்த எலும்பைச் சேர்க்கும் பிளேட்டும் ஸ்க்ரூவும் அதே உலோகத்தில்தான் செய்கிறார்கள். பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற நாம் இதையல்லவா யோசிக்க வேண்டும்?

தோழர்களே, தோழியரே! எந்த ஜாப் கையில் வந்தாலும் என்ன மெட்டல், என்ன பினிஷிங் என்பதோடு நிறுத்தாதீர்கள். யாருக்காக என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கும் பதில் தெரிந்தவன்தான் முழு டெக்னீஷியன்!