சொல் அறிவோம்: ‘ஹார்ட்லி’ செய்த வினை

நெடுந்தீவைச் சேர்ந்த மாணவன் ஒருவன், உதவிப்பணம் வேண்டி ஆங்கிலத்தில் வரைந்த விண்ணப்பமொன்றை அண்மையில் என்னிடம் கொணர்ந்தான். அவனுடைய தந்தையார் கடற்றொழிலாளர். இரவெல்லாம் அலையோடு போராடி விடியலிற் கரை சேர்பவர். அவ்வுழைப்பை எடுத்துரைக்க விரும்பிய பிள்ளை, ‘மை ஃபாதர் வேர்க்ஸ் ஹார்ட்லி’ என்று எழுதியிருந்தான். ‘என் தந்தை கடுமையாக உழைக்கிறார்’ என்பது அவன் கருத்து. ஆங்கிலம் வல்லாரோ, ‘என் தந்தை வேலை செய்வதே இல்லை எனலாம்’ என்றே பொருள் கொள்வர்.

இதனை விளக்கியபோது அவன் முகம் வாடிற்று. “சேர், அப்பாவைச் சோம்பேறி ஆக்கிப்போட்டேனே!” என்றான்.

பிழை அவனுடையது மட்டுமன்று. ‘ஸ்லோ’ என்னும் பெயரடை ‘ஸ்லோலி’ ஆவது போல, ‘லி’ சேர்ந்தால் வினையடை பிறக்கும் என்று வகுப்பிற் கற்பித்தவன் நானே. விதியைச் சொன்ன அளவுக்கு விலக்கை அழுத்திச் சொன்னேனல்லேன். ‘ஹார்ட்’ என்பது தானே பெயரடையாகவும் வினையடையாகவும் நிற்கும். ஆதலின் ‘வேர்க்ஸ் ஹார்ட்’ என்பதே முறை.

‘ஹார்ட்லி’யும் ஒரு காலத்தில் ‘கடுமையாக’ என்றே பொருள்பட்டது. பின்னர் ‘வருந்தி, அரிதின் முயன்று’ என்றாகி, ஈற்றில் ‘இல்லை என்னும் அளவுக்கு’ என்று தேய்ந்தது. வருந்திச் செய்வது அடிக்கடி நிகழாதன்றோ?

இப்பொருள் மாற்றம் தமிழருக்குப் புதிதன்று. ‘அரிது’ என்னும் நம் சொல், செய்தற்குக் கடினமானதையும் குறிக்கும். காண்டற்குக் கிடையாததையும் குறிக்கும். “தம்பி இஞ்சாலை வாறது அருமை” என்று நம் ஊர்ப் பாட்டிமார் சொல்லும்போது, அவன் வருகையின் சிறப்பையா பேசுகின்றனர்? அவன் வராமையை அன்றோ குறைகூறுகின்றனர்! அந்த ‘அருமை’யை நினைவிற் கொண்டால் ‘ஹார்ட்லி’ ஒருபோதும் பிழைக்காது.

இனி, வழக்கு மூன்றை மாணவர் மனங்கொள்க.

ஒன்று: இச்சொல்லினுள்ளேயே எதிர்மறை அடங்கியிருத்தலின், ‘நொட்’ என்பதை உடன் சேர்த்தல் ஆகாது. ‘ஐ கான் ஹார்ட்லி ஹியர் யூ’ என்றாலே, ‘நீர் சொல்வது எனக்குக் கேட்கவில்லை எனலாம்’ என்பது போதரும்.

இரண்டு: ‘எனி’, ‘எவர்’ என்பன இதனோடு இயைந்து வரும். கோடையில் வற்றிய கிணற்றைக் கண்டு, ‘தெயர் இஸ் ஹார்ட்லி எனி வோட்டர்’ என்னலாம். தண்ணீர் அறவே இல்லை என்பதன்று. இருப்பது பேருக்குத்தான் என்பதாம்.

மூன்று: ‘ஹார்ட்லி ஹேட் த போட் லெஃப்ட் வென் த ரெயின் பிகேன்’ என்னும் அமைப்பு பலரை மயக்கும். வாக்கியத் தொடக்கத்தில் ‘ஹார்ட்லி’ நின்றால் ‘ஹேட்’ எழுவாய்க்கு முன்னே வரும். பின்வாக்கியத்தை ‘வென்’ தொடங்கும். குறிகட்டுவான் துறையிற் படகு ‘புறப்பட்டதும் புறப்படாததுமாக மழை பிடித்துக்கொண்டது’ என்று நாம் சொல்வதில்லையா? அதுவே இது.

‘லேட்’, ‘லேட்லி’ என்பனவும் இத்தகைய இரட்டையரே. முன்னது ‘தாமதமாக’, பின்னது ‘அண்மைக் காலத்தில்’.

ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகளார், 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கித் தமிழின் பெருமையை உலகறியச் செய்தார். நம்மவர் சிறப்பைப் பிறருக்கு உரைக்கவும் ஆங்கிலம் வேண்டும். அதனைப் பிழையற அறிதல் அதனினும் வேண்டும்.

மாணவன் அந்த ஈற்றசையை அடித்துவிட்டு, விண்ணப்பத்தைப் புதிதாக எழுதி அனுப்பினான். தந்தையின் உழைப்பு இப்போது அதில் உள்ளபடியே நிற்கிறது.