குட்டை தாங்கும் வாத்து எத்தனை?

பண்ணைக்குட்டை வெட்டி முடித்தவரிடம் யாராவது ஒருவர் வந்து சொல்லாமல் போவதில்லை: "நூறு வாத்து வாங்கி விடுங்கண்ணே. மாட்டுக் கொட்டகையையும் கரையிலேயே போட்டுடுங்க. எச்சமும் சாணியும் தண்ணிக்குள்ள போகப் போக மீன் தானா வளரும். எல்லாம் இயற்கை உரம்தானே, கெடுதலே வராது."

இந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. வாத்தும் மீனும் சேர்ந்த வளர்ப்பை நம் நாட்டு மீன்வள ஆராய்ச்சியாளர்களே பல பத்தாண்டுகளாகப் பரிந்துரைத்து வருகிறார்கள். எச்சம் தண்ணீரில் கரைந்து பாசியை வளர்க்கும், பாசியையும் அதைத் தின்னும் நுண்ணுயிர்களையும் கட்லாவும் ரோகுவும் தின்னும். வாத்து நத்தையையும் கொசுப் புழுவையும் பொறுக்கித் தின்பதும் உண்மை. ஆனால் அந்தப் பரிந்துரையோடு ஒட்டியிருந்த எண்ணிக்கை, வாய்வழியாக வரும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்புக்கு 200 முதல் 300 வாத்து. மாடு என்றால் மூன்று அல்லது நான்கு. இதுதான் அந்த எண்ணிக்கை.

ஹெக்டேர் என்பது இரண்டரை ஏக்கர். நம்மிடம் இருப்பது பெரும்பாலும் 30 மீட்டருக்கு 30 மீட்டர் குட்டை. 900 சதுர மீட்டர், சுமார் 22 சென்ட். அதற்குக் கணக்குப் போட்டால் 18 முதல் 27 வாத்து வரை வரும். மாட்டுக் கணக்கில் மூன்றில் ஒரு மாடு! அதாவது ஒரே ஒரு மாடு போடும் சாணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அந்தக் குட்டைக்குச் செரிக்கும். அதுவும் குட்டை நிறைந்திருக்கும்போது. சரிவான கரையுள்ள குட்டையில் பங்குனி, சித்திரையில் நீர்ப்பரப்பு சுருங்கும். வாத்து எண்ணிக்கை சுருங்காது.

நூறு வாத்து விட்டால் என்ன ஆகும்? ஒரு வாத்து நாளொன்றுக்கு 125 முதல் 150 கிராம் வரை எச்சமிடும். நூறு வாத்துக்கு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 5 டன். அதில் பாதி கொட்டிலில் விழுந்தாலும் மீதி இரண்டரை டன் 22 சென்ட் தண்ணீருக்குள் போகிறது. சிந்தும் தீவனம் தனி.

"இயற்கையானது கெடுதல் செய்யாது" என்பவர்கள் தங்கள் தோட்டத்தையே நினைத்துப் பார்க்கட்டும். புதுக் கோழி எருவை அள்ளிச் செடியின் அடியில் கொட்டினால் செடி கருகும் என்பது அனுபவமுள்ள விவசாயிக்குத் தெரியும். அதனால்தான் எருவைக் குப்பைமேட்டில் போட்டு மாதக்கணக்கில் மக்கவிடுகிறோம். மண்ணில் அவ்வளவு கவனமாக இருப்பவர்கள், பச்சைச் சாணத்தைத் தண்ணீரில் மட்டும் கூடை கூடையாகக் கவிழ்ப்பது ஏன்? மக்கும் வேலைக்கு ஆக்சிஜன் வேண்டும். மேட்டில் அது காற்றிலிருந்து கிடைக்கிறது. குட்டையில் மீன் மூச்சுவிடும் அதே ஆக்சிஜன்தான் செலவாகிறது.

அடுத்த வாதம், தண்ணீர் பச்சையாக இருந்தால் வளமாக இருக்கிறது என்பது. இதுதான் அதிக மீனைக் கொன்ற நம்பிக்கை என்பேன். இளம்பச்சை நல்லதுதான். ஆனால் பெயிண்ட் கொட்டியதுபோல் அடர்ந்த பச்சை, பகலில் ஒரு முகமும் இரவில் வேறொரு முகமும் காட்டும். வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இருட்டியதும் அதே பாசி ஆக்சிஜனை இழுக்கத் தொடங்கும். மீனும் இழுக்கும், அடிச்சேற்றில் மக்கும் எச்சமும் இழுக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து ஏற்றுத் தாங்குவதே சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான். கெண்டைக்கு 5 இருந்தால் நலம். இரண்டு, மூன்றுக்குக் கீழே போனால் திணறும்.

மழை மூட்டத்தோடு இரண்டு நாள் கழிந்த பிறகு, பொழுது புலரும் முன் குட்டைக் கரையில் போய் நின்று பாருங்கள். தண்ணீர் சலனமில்லாமல் இருக்கும். அதன் மேல் சிறு சிறு வளையங்கள் விரியும். டார்ச்சை அடித்தால், வாயைப் பிளந்தபடி மீன்கள் நீரின் மேற்பரப்பில் வரிசையாக நிற்பது தெரியும். கல் எறிந்தாலும் கலையாது, கலைந்தாலும் உடனே மேலே வந்துவிடும். பெரிய மீன்தான் முதலில் மல்லாந்து மிதக்கும். எட்டு மணிக்கு வெயில் ஏறியபின் வந்து பார்ப்பவர், "யாரோ மருந்து கலந்துட்டாங்க" என்று பக்கத்து வயல்காரரைச் சந்தேகப்படுவார். இந்தத் திணறலுக்கு மருந்து வேண்டியதில்லை. கூடை கூடையாய்க் கொட்டிய எருவே போதும்.

அம்மோனியாவும் இதோடு சேர்ந்துகொள்கிறது. எச்சத்திலுள்ள தழைச்சத்து தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். அதில் எவ்வளவு நஞ்சாகும் என்பதைத் தண்ணீரின் காரத்தன்மை, அதாவது பி.எச்., தீர்மானிக்கிறது. 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. பி.எச். 8 ஆனால் ஏழு பங்கு, 9 ஆனால் ஏறக்குறையப் பாதி. அடர்பச்சைக் குட்டையில் பிற்பகலில் பி.எச். 9-ஐத் தொடுவது சாதாரணம். ஆக, மீனுக்கு விடியலில் மூச்சுத்திணறல், பிற்பகலில் நஞ்சு. இந்த நிலையில் "தண்ணி கெட்டுப்போச்சு" என்று சுண்ணாம்பைக் கொட்டுகிறவர்கள் காரத்தன்மையை இன்னும் ஏற்றிவிடுகிறார்கள்.

"வாத்து நீந்தினால் காற்று கலக்கும், தனி ஏரேட்டர் எதற்கு?" என்று கேட்பார்கள். வாத்து நீந்துவது பகலில். பாசி வெளியிடும் ஆக்சிஜன் பகலில் ஏற்கெனவே மிகுந்திருக்கும். ஆக்சிஜன் தேவைப்படும் விடியற்காலை நான்கு மணிக்கு வாத்து கொட்டிலில் உறங்குகிறது. அதுமட்டுமல்ல, கூட்டம் மிகுந்தால் வாத்து கரையோரத்தை அலகால் துழாவிச் சேற்றைக் கிளறிக் கரையையும் சரிக்கும்.

இனி, எல்லோரும் கடைசியாக எடுத்து வைக்கும் வேடந்தாங்கல். "ஆயிரக்கணக்கான பறவை எச்சமிடுகிறதே, அந்த ஏரி கெட்டதா? அந்தத் தண்ணீர் பாய்ந்து வயல் செழிக்கவில்லையா?" என்கிறார்கள். செழிக்கிறது. அந்த ஊர் மக்கள் பறவைகளுக்காக 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெள்ளைக்கார கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கியவர்கள். எச்சம் கலந்த நீரின் அருமை அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வாக்கியத்தைக் கவனமாகப் படியுங்கள்: "தண்ணீர் பாய்ந்து". வேடந்தாங்கல் ஏரியில் சேரும் சத்து ஏரியிலேயே தங்குவதில்லை. மதகு வழியாக நெல்வயலுக்குப் போகிறது. கோடையில் ஏரி வற்றுகிறது, அடிமண் வெயிலில் காய்கிறது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் பறவை எச்சம் படிந்த வண்டலை மக்கள் அள்ளி வயலுக்கு அடிக்கிறார்கள். இரண்டு ஊரிலும் குளம் என்பது சத்து வந்து போகும் வழி. பாலித்தீன் தாள் விரித்த பண்ணைக்குட்டைக்கு மதகு இல்லை, வற்றவும் விடுவதில்லை, வண்டலையும் யாரும் அள்ளுவதில்லை. அங்கே வாத்து போட்டது அங்கேயே கிடக்கும். வேடந்தாங்கல் இந்த வாதத்துக்குச் சாட்சி சொல்லவில்லை, எதிராகத்தான் சொல்கிறது.

"மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும்" என்பதும் இப்படித்தான். பண்ணைக்குட்டை வெட்டுவது மேட்டு நீரைத் தேக்கி வைக்க. கொட்டகை மேட்டில் இருந்தால் முதல் மழை சாணத்தையும் மூத்திரத்தையும் குட்டைக்குள் கழுவிக்கொண்டு வரும், வெளியே கொண்டுபோகாது. தழைச்சத்தில் ஒரு பகுதியாவது காற்றோடு போகும். மணிச்சத்தான பாஸ்பரஸுக்கு அந்த வழியும் இல்லை. சேற்றில் படிந்திருந்து, அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் மறுபடி கரைந்து மேலே வரும். காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும் வகைகளும் உள்ள நீலப்பச்சைப் பாசிக்கு இது கொண்டாட்டம். அந்தப் பாசியில் சில வகை நஞ்சு சுரக்கும். ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் பாசி மிதந்த நீரைக் குடித்த ஆடும் குதிரையும் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878இலேயே 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்த நீரைக் கொதிக்கவைத்தாலும் நஞ்சு போகாது.

"மாடு குடிக்கத்தானே இறங்குது" என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இறங்கிய மாடு குடித்துவிட்டு வந்துவிடாது. நிற்கும், சாணம் போடும், மூத்திரம் பெய்யும், குளம்பால் கரையை உடைக்கும். சாணத்தில் வரும் ஈரல் தட்டைப்புழுவின் முட்டை குட்டையில் பொரிந்து, நத்தைக்குள் வளர்ந்து, கரைப்புல்லில் ஒட்டி, அதே மாட்டின் ஈரலுக்குத் திரும்பும். மூத்திரத்தின் வழியே எலிக்காய்ச்சல் கிருமி தண்ணீருக்கு வரலாம். காலில் வெடிப்போடு குட்டையில் இறங்குபவர் நாம்தான். வலசை வரும் காட்டு வாத்தோடு வளர்ப்பு வாத்து கலந்தால் பறவைக் காய்ச்சல் தொற்றலாம். 2014இல் கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளை அந்தக் காய்ச்சல் தாக்கியது.

வாத்தே வேண்டாம், எருவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எருவுக்கு முதல் இடம் வயல் என்கிறேன். அறுத்த தாளடியில் வாத்து மேய்ப்பதும், பணமோ நெல்லோ கொடுத்து ஆட்டுக்கிடை போடுவதும் நம் பழைய வழக்கம். ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்று பலன் வரும் காலத்தைக்கூடக் கணித்து வைத்தவர்கள், அந்த எருவை மண்ணில் போட்டுத்தான் கணித்தார்கள். குட்டைக்கு மிஞ்சியதைப் போடாதீர்கள், அளந்ததைப் போடுங்கள். மாட்டுக்குக் கரைக்கு வெளியே ஒரு தொட்டி கட்டிக் குழாயில் நீர் விடுங்கள். கரையில் வேலி போடுங்கள், கொட்டகையின் கழிவுநீர் தீவனப்புல்லுக்கு ஓடட்டும். வாத்து 22 சென்ட்டுக்கு இருபத்தைந்தைத் தாண்ட வேண்டாம்.

நாளைக்கே ஒன்று செய்து பாருங்கள். காலை பத்து மணிக்குக் கரையில் குனிந்து கையை நேராகத் தண்ணீருக்குள் விடுங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மங்கி மறைந்தால் சரியான அளவு. பாதி முன்கையிலேயே பச்சையில் மறைந்துவிட்டால், அன்றைய சாணக் கூடையை வயலுக்குத் திருப்பிவிடுங்கள்.