தடிப்பும் கத்தரிக்காயும்

சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரின் உடம்பில் தடிப்பும் கடியும் கண்டால், எம்மவர் வீடுகளில் முதலில் விசாரணைக்கு உட்படுவது சமையலறைதான். கத்தரிக்காய் சமைத்தது யார், இறாலை ஏன் வாங்கினீர்கள், பத்தியம் காக்க வேண்டியவருக்குக் கிரந்திச் சாப்பாட்டைக் கொடுக்கலாமா என்று கேள்விகள் எழும். பழி பெரும்பாலும் மருமகளின் தலையில் விழும். உண்மையான காரணமோ மருந்துப் பெட்டிக்குள் இருந்துகொண்டு, வேளைக்கு ஒரு குளிசையாக நோயாளியின் வயிற்றுக்குள் சென்றுகொண்டிருக்கக்கூடும்.

முதலில் தடிப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பிளாஸ்ரர் ஒட்டியிருந்த இடத்தில், அதே நீள்சதுர வடிவில் எழுந்திருந்தால், அதன் பசையே காரணமாக இருக்கலாம். தோலைச் சுத்தம் செய்யப் பூசிய மருந்து நீரும் இவ்வாறு செய்வதுண்டு. வேறு வகைப் பிளாஸ்ரர் போடுமாறு தாதியிடம் கேட்பதே பெரும்பாலும் போதும். காயத்தின்மேல் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசுவது வேண்டாம். ஆனால் காயத்தைச் சுற்றி வெப்பமும் வீக்கமும் கூடினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மருந்தினால் வரும் தடிப்பு வேறு விதமானது. பெரும்பாலும் நெஞ்சிலும் முதுகிலும் தொடங்கி, இரு பக்கமும் ஒரே மாதிரியாகக் கைகால்களுக்குப் பரவும். புதிய மருந்தொன்றைத் தொடங்கி 4 முதல் 14 நாட்களுக்குள் இது தோன்றுவது வழக்கம். முன்னரே ஒவ்வாத மருந்தென்றால் இன்னும் விரைவில் வரும். வைத்தியசாலையில் கொடுத்த அன்ரிபயோற்றிக் குளிசைகள் முடிந்த பின்னரும் வரலாம். அதனாலேயே எம்மவர் மருந்தை மறந்து, நேற்றைய கறியை நினைக்கிறார்கள். ஸ்கான் எடுக்கும்போது நாளத்தில் ஏற்றும் அயடீன் சாயமும் ஒரு மணி நேரத்துக்குள்ளோ, சில நாட்கள் கழித்தோ தடிப்பை உண்டாக்கலாம். இறால் ஒவ்வாதவருக்கு இந்தச் சாயமும் ஒவ்வாது என்று பலர் நம்புகின்றனர். அது தவறு. இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதன் சதையிலுள்ள புரதமேயன்றி அயடீன் அன்று. இங்கும் இறால் நிரபராதியே!

தொலைபேசியில் நாம் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி, "சிவந்திருக்கிறதா?" என்பது. அது வெள்ளைத் தோலை மனதில் வைத்துக் கேட்கப்படும் கேள்வி. எமது தோலில் அச்சிவப்பு கபிலமாகவோ, ஊதா கலந்த கருமையாகவோ தெரியும்; சில வேளைகளில் நிறம் மாறாமல் சொரசொரப்பு மட்டுமே இருக்கும். நாம் "இல்லை" என்றதும் விடயம் அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆகவே நிறத்தை விட்டு, எப்போது தொடங்கியது, எவ்வளவு பரவியது, தடித்திருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா என்பவற்றைச் சொல்வோம். பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைப்பதும் உதவும்.

உதடு, நாக்கு, முகம் வீங்கினாலும், மூச்சு முட்டினாலும், மயக்கம் வந்தாலும் பிரித்தானியாவில் 999 ஐ அழைக்க வேண்டும். தோல் கொப்புளித்து உரிந்தாலோ, வாயிலும் கண்ணிலும் புண் வந்தாலோ, கண்ணாடிக் குவளையால் அழுத்தியும் மறையாத ஊதாப் புள்ளிகள் தோன்றினாலோ விடியும்வரை காத்திருக்கலாகாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

மற்றைய வேளைகளில், அடுத்த குளிசையை விழுங்குமுன் வைத்தியரையோ, இங்கிலாந்தில் 111 ஐயோ அழைத்துக் கேட்பதே முறை. "தமிழ்" என்று மொழியின் பெயரைச் சொன்னால் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரைப் பெறலாம். பத்து வயதுப் பிள்ளையைக் கொண்டு தாயின் நோயை மொழிபெயர்ப்பிப்பது எமக்கு உடன்பாடில்லை. தெரியாத சொல்லைப் பிள்ளை விழுங்கிவிடும். தாயும் சிலவற்றைப் பிள்ளையின் முன் சொல்லமாட்டாள்.

பெயர்களிலும் சிக்கல் உண்டு. ஊரில் ஓக்மென்ரின் என்று நாம் அறிந்த மருந்து இங்கே கோ-அமொக்சிக்ளேவ் என்ற பெயரில் வரும். இரண்டும் ஒன்றே, பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. புளுகுளொக்சசிலினும் அக்குடும்பமே. ஊரில் ஒன்றுக்குத் தடித்தவர், பெயர் மாறி வந்ததை அறியாமல் இங்கே விழுங்கிவிடலாம். மறுபுறம், சிறு வயதில் ஏதோ தடித்ததாம் என்று "பென்சிலின் ஒவ்வாது" எனப் பதிந்துவிடுவதும் நட்டமே. ஏறக்குறைய 10 பேரில் ஒருவர் அவ்வாறு பதியப்பட்டிருக்கிறார். முறையாகச் சோதித்தால் அவர்களுள் 10 இல் 9 பேருக்கு ஒவ்வாமை இல்லை. அவர்களுக்கு உரிய மருந்து வீணே மறுக்கப்படுகிறது.

மருந்தின் பெயர், அதைத் தொடங்கிய நாள், தடிப்பு வந்த நாள், எவ்வகைத் தடிப்பு என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் குடும்ப வைத்தியரிடம் கொடுத்துப் பதியச் செய்ய வேண்டும். ஊரிலிருந்து பொதியில் வந்த குளிசைகளும், கசாயத் தூளும் அத்தாளில் இடம்பெற வேண்டும்.