இளைக்கிற ஊசியா, சர்க்கரை ஊசியா?

சென்ற வாரம் இந்தப் பகுதியில் விழுப்புரம் சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். சர்க்கரைக்காக வாரம் ஒரு முறை போடுகிற புது ஊசியை டாக்டர் சொல்கிறாராம். வீட்டிலோ, "இந்த வயசுல இளைக்கிறதுக்கு ஊசியா?" என்று சிரிக்கிறார்களாம். போடலாமா, வேண்டாமா என்று கேட்டிருந்தார். நான் டாக்டர் இல்லை. ஆனால் 11 வருஷமாகச் சர்க்கரையோடு குடித்தனம் நடத்துகிறவள். இரண்டு மாதமாக இதே கேள்வியோடு மல்லாடிக் கொண்டிருப்பவள். அந்த முறையில் சொல்ல எனக்கும் சில விஷயங்கள் உண்டு.

முதலில் அந்தப் பெயரைத் தூக்கிப் போட வேண்டும். "இளைக்கிற ஊசி" என்று யார் பெயர் வைத்தார்களோ, பாதிக் குழப்பம் அதனால்தான். வீட்டில் பெண்பிள்ளை பி.பி. மாத்திரை வாங்கினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இளைக்கிற ஊசி என்றதும் அது அழகுச் செலவு ஆகிவிடுகிறது. பவுடர், பட்டுப்புடவை வரிசையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஓசெம்பிக் என்ற ஊசிக்கு 2017ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே சர்க்கரை நோய்க்காகத்தான். அதே செமாகுளூடைடு மருந்தை அளவு கூட்டி, வீகோவி என்று பெயர் மாற்றி, எடைக்காக விட்டது 2021ல். மவுஞ்சாரோவும் அப்படித்தான், 2022ல் சர்க்கரைக்கென்றே வந்தது. சினிமாக்காரர்கள் போட்டுக்கொண்டு இளைத்ததால் நம் காதுக்கு அந்தக் கதை முதலில் வந்துவிட்டது.

இது செய்கிற வேலை என்னவென்றால், நாம் சாப்பிட்டதும் குடலிலிருந்து ஒரு ஹார்மோன் சுரந்து, "சாப்பாடு வந்திருக்கு, இன்சுலினை அனுப்பு" என்று கணையத்துக்குச் சொல்கிறது; "போதும்" என்று மூளைக்கும் சொல்கிறது. நம் உடம்பில் அது சில நிமிஷத்தில் கரைந்துவிடும். இந்த ஊசி அதே சேதியை ஒரு வாரத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வயிற்றிலிருந்து சாப்பாடு மெதுவாக இறங்குகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் மட்டும் இன்சுலினைத் தூண்டுவதால், இதை மட்டும் போட்டால் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்துபோவது அபூர்வம். இந்தக் குடும்பத்தில் முதலில் வந்த மருந்துக்கு வழி காட்டியது அமெரிக்கப் பாலைவனத்துக் கிலா என்கிற விஷப் பல்லியின் எச்சில். இதைத் தெரியாத்தனமாக என் மாமியார் காதில் போட்டுவிட்டேன். "பல்லி எச்சிலையா குத்திக்கப் போறே?" என்று இரண்டு நாள் என் கையால் காப்பி வாங்கிக் குடிக்கவில்லை!

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை உள்ள பெண் இதை எடை இயந்திரத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. கண், சிறுநீரகம், இருதயம், அப்புறம் கைக்காசு, இவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் 15 கிலோ இளைத்தாள் என்பது நமக்குக் கணக்கே இல்லை. 2021ல் வெளியான ஆய்வுகளில், சர்க்கரை இல்லாத குண்டானவர்களுக்கு செமாகுளூடைடில் சுமார் 15 சதவீதம் எடை குறைந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு அதே மருந்து, அதே அளவு, சுமார் 10 சதவீதம்தான். நமக்கு இறங்குவது குறைவு. அந்த ஆசையில் போட்டால் ஆறாம் மாதம் அலுத்துப்போய் நிறுத்திவிடுவோம்.

சிறுநீரகத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகம் பயம். எங்கம்மா கடைசி இரண்டு வருஷம் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போனவர். ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்று அளந்து குடித்தவர். கோடையில், "ஒரு வாய் கூடக் குடுடி" என்று கேட்பார். அதனால்தான் டாக்டர் சொன்ன ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டது. சர்க்கரையோடு சிறுநீரகக் கோளாறும் இருந்த 3,533 பேரை வைத்துச் செய்து 2024ல் வெளியிட்ட ஆய்வில், செமாகுளூடைடு போட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போவதும், அதனாலோ இருதயத்தாலோ சாவதும் 24 சதவீதம் குறைவாக இருந்தது. எனக்குச் சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்துவிட்டது. நான் இதைப் பற்றி யோசிப்பதே அதற்காகத்தான். இடுப்பளவுக்காக இல்லை.

எல்லாருக்கும் இது ஏற்றதா என்றால், இல்லை. என் தங்கைக்கும் சர்க்கரைதான். ஆனால் ஒல்லிக்குச்சி, 46 கிலோ. நம் ஊரில் குண்டாக இல்லாமலே சர்க்கரை வருகிறவர்கள் எத்தனையோ பேர். "அக்கா, எனக்கும் கேட்டுச் சொல்லேன்" என்றாள். அவள் டாக்டர் கண்டிப்பாக வேண்டாம் என்றுவிட்டார். இருக்கிற சதையும் போய்விடும் என்றாராம். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் மெடுல்லரி என்கிற வகைப் புற்றுநோய் இருந்தாலும் போடக்கூடாது. கணையம் முன்பே ஒருமுறை வீங்கியிருந்தாலோ, பித்தப்பையில் கல் இருந்தாலோ, அதை டாக்டரிடம் சொல்லாமல் தொடங்கக்கூடாது. சின்ன வயதுப் பெண்கள் குழந்தைக்குத் திட்டமிட்டால் செமாகுளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

புதிதாகச் சர்க்கரை கண்ட இளம் சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நோய் வந்து 6 வருஷத்துக்குள் இருந்தவர்களை வைத்து பிரிட்டனில் செய்து 2017ல் வெளியிட்ட ஆய்வில், ஊசியே இல்லாமல், கட்டுப்பாடான சாப்பாட்டால் மட்டும் எடையைக் குறைத்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஒரு வருஷத்தில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை சாதாரண அளவுக்கு வந்தது. எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது, அது வேறு. உங்களுக்கு அந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. 11 வருஷம் கடந்த எனக்கு அது முக்கால்வாசி சாத்தியாகிவிட்டது.

தொந்தரவு என்று பார்த்தால் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், சிலருக்குப் பேதி. முதல் மாதங்களிலும் அளவு கூட்டும்போதும் அதிகம். அலுவலகம் போகிறவருக்குக் குமட்டல் என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து கொள்ளலாம். நமக்கு? காலை 6 மணிக்குத் தாளிப்பு வாசனை, 11 மணிக்குக் கருவாடு. யார் முகர்வது? எனவே, தொடங்குகிற மாதம் சமையலில் யார் கை கொடுப்பார்கள் என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். எந்த டாக்டரும் சீட்டில் இதை எழுதித் தர மாட்டார்.

இன்னொன்று விரதம். ஊசியோடு கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் சர்க்கரை திடீரென்று தாழ வாய்ப்புண்டு. ஆடி வெள்ளி, ஏகாதசி, கிருத்திகை என்று நாம் பட்டினி கிடக்கிற நாட்களை வரிசையாக டாக்டரிடம் சொல்லி, மாத்திரை அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டுவிட வேண்டும். சாமி கோபித்துக்கொள்ளாது.

கண்ணை மறந்துவிடாதீர்கள். பல வருஷம் உயர்ந்தே கிடந்த சர்க்கரை சடாரென்று இறங்கினால், விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு உள்ளவர்களுக்கு அது தற்காலிகமாகக் கூடிவிடலாம். எனக்கு மூன்று மாதச் சராசரி 8.7. அதனால் முதலில் கண் டாக்டர், அப்புறம்தான் ஊசி என்பதில் உறுதியாக இருக்கிறேன். கண்ணைப் பார்க்காமலே "இன்னிக்கே தொடங்கிடலாம்" என்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம். அழகு நிலையத்தில், உடம்பு குறைக்கிற நிலையத்தில் தருகிறார்கள் என்று சொன்னாலும் வேண்டாம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து இது. போலி ஓசெம்பிக் உலாவுகிறது என்று 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரித்தது. மருந்துக் கடையில் பில்லோடு வாங்கி, திறக்கும்வரை பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஊசிக்குப் பயந்தவர்களுக்கு செமாகுளூடைடிலேயே மாத்திரையும் 2022ல் இங்கே வந்தது. எழுந்ததும் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேற்படாத தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. காப்பி முகத்தில் விழிக்கிற தஞ்சாவூர்க்காரிக்கு ஊசியே தேவலை!

இப்போது பணம். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ நம் நாட்டுக்கு வந்தபோது ஆரம்ப அளவு ஒரு குப்பி 3,500 ரூபாய். வாரம் ஒன்று, மாதம் 14,000. 2025 டிசம்பரில் ஓசெம்பிக் வந்தபோது ஆரம்ப அளவு மாதம் 8,800. அளவு கூடக் கூட விலையும் ஏறும். செமாகுளூடைடுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதன் பிறகு நம் கம்பெனிகளும் அதைத் தயாரிக்க வழி உண்டு என்பதால், கடையில் பல கம்பெனி விலையையும் விசாரித்து, எதை வாங்கலாம் என்று டாக்டரையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மெட்பார்மினோ அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். வசதி இல்லாதவர்கள் ஊசி போட முடியவில்லையே என்று ஏங்க வேண்டாம். மாத்திரையை ஒழுங்காக விழுங்கி, மாலையில் ஒரு மணி நேரம் நடந்தால் அதுவும் சிறுநீரகத்தைக் காக்கிற வைத்தியம்தான்.

ஏன் பணத்தை இத்தனை பேசுகிறேன் என்றால், இது நான்கு மாதக் கோர்ஸ் இல்லை. நிறுத்தினால் பசி திரும்புகிறது. 2022ல் வெளியான ஓர் ஆய்வில், ஊசியை நிறுத்திய ஒரு வருஷத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. ஆகவே முதல் மாதம் கட்ட முடியுமா என்று கேட்காதீர்கள். மூன்றாவது வருஷம், பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற மாதத்திலும் கட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் தொடங்காமலிருப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

என் வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டபோது நடந்ததைச் சொல்கிறேன். "காலைல நடந்தா ஆகாதா? எதுக்கு மாசா மாசம் இவ்ளோ காசு?" என்றார் என் வீட்டுக்காரர். நான் கத்தவில்லை. போன வருஷ நோட்டை எடுத்து வைத்தேன். வீட்டுக்கு வர்ணம் அடிக்க 1 லட்சத்து 10 ஆயிரம். அவருடைய இருதய மாத்திரை, டெஸ்ட் எல்லாம் சேர்த்து 38,000; ஒரு மாதம்கூடத் தவறியதில்லை, நானே வாங்கி வந்திருக்கிறேன். என் பெயரில் மருத்துவச் செலவு 6,200. "சுவத்துக்குச் செஞ்சதுல பத்துல ஒரு பங்குகூட எனக்குச் செய்யலீங்க" என்றேன். மனுஷர் நோட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். "சரி, நகைச் சீட்டை நிறுத்திட்டு இதுல போடுவோம்" என்று அவராகத்தான் சொன்னார். தங்கம் விற்கிற விலையில் எனக்கும் ஒரு நிமிஷம் மனசு ஆடத்தான் செய்தது.

சாப்பாட்டு விஷயம் ஒன்று பாக்கி. ஊசி பசியை அடக்கும். ஆனால் நம்மில் பலர் பசித்தா சாப்பிடுகிறோம்? "வீணாப் போகுதே" என்று பிள்ளை தட்டில் மிச்சத்தையும், பானை அடியில் ஒட்டிய சோற்றையும் சாப்பிடுகிறோம். அதற்கு எந்தக் கம்பெனியும் ஊசி கண்டுபிடிக்கவில்லை. இன்னொரு பக்கம், எடை குறையும்போது கொழுப்போடு சதையும் கரைகிறது. சாப்பிடுவதே நாலு வாய் என்றால், அந்த நாலு வாயில் முட்டை, பருப்பு, சுண்டல், மீன், தயிர் இருக்க வேண்டும். எல்லாருக்கும் போட்டுவிட்டு மீதி ரசம்சோற்றை உண்கிறவள் இந்த ஊசியைப் போட்டால் இளைக்க மாட்டாள், நலிந்துபோவாள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு புரதம் என்று டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும். எனக்கு அளவு எழுதித் தந்திருக்கிறார். சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். மதியம் இப்போது முதல் தட்டு என்னுடையது. மாமியாருக்கு இன்னும் பழகவில்லை.

நான் போடுவதாக முடிவு செய்துவிட்டேன். மிகக் குறைந்த அளவில் தொடங்கி நான்கு வாரம். தாங்கினால் அளவைக் கூட்டுவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆறு மாதம் கழித்துச் சராசரியையும் சிறுநீரில் போகிற புரதத்தையும் பார்த்து, பலனில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்பதையும் இப்போதே பேசி வைத்திருக்கிறோம். என் தங்கை போட மாட்டாள். இரண்டும் சரியான முடிவுதான் என்றே எனக்குப் படுகிறது. விழுப்புரம் சகோதரி தம்முடைய சிறுநீரக டெஸ்டும் கண் டெஸ்டும் கடைசியாக எப்போது எடுத்தார் என்று எழுதவில்லை. முடிந்தால் இந்த வாரமே இரண்டையும் எடுத்துவிட்டு, அந்தச் சீட்டோடு வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போகட்டும்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.