குழந்தைக்கு ஒரு பலகை

எங்கள் அம்பூரியில் ரப்பர் மரம் வைத்திருப்பவர் வீட்டு முற்றத்தைப் பாருங்கள். ஒரு கொடி கட்டியிருக்கும். அதில் துணிகளோடு ரப்பர் ஷீட்டுகளும் தொங்கும். மரத்தில் வடித்த பாலை உறையவிட்டு, உருளையில் இட்டு அழுத்தி, தகடாக்கி வெயிலில் காயப் போடுவர். மழை தூறினால் போதும், வீட்டிலுள்ளார் அனைவரும் ஓடோடி வந்து அவற்றை எடுத்து உள்ளே சேர்ப்பர். அது பணம், ஆதலின் அதற்குக் கொடியும் உண்டு, காவலும் உண்டு.

அதே வீட்டுக் குழந்தை ஒரு தாளில் படம் வரைந்து நீட்டுகிறது. அந்தத் தாள் எங்கே போகிறது? ரப்பர் ஷீட்டுக்குக் கொடி கட்டத் தெரிந்த நாம், குழந்தையின் தாளுக்கு ஓர் இடம் ஒதுக்கினோமா? ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைகளின் படங்களுக்கென ஒரு பலகை இருக்க வேண்டும், அதனை வீட்டாரே செய்ய வேண்டும் என்பது என் கருத்து. சிறு செய்திதானே என்று சிலர் நகைப்பர். நானும் அப்படி நகைத்தவன்தான்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். அக்காள் மகளுக்கு ஏழு வயது. "இப்போது என்ன படம் வரைகிறாய்?" என்று கேட்டேன். "வரைவதில்லை மாமா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். காரணத்தை அவள் கூறவில்லை. நான் அடுப்படியில் கண்டேன். நெருப்பு மூட்டக் கொளுத்திய தாளின் ஓரத்தில் ஒரு யானையின் கால் மட்டும் எரியாமல் கிடந்தது. அக்காளைக் குறை கூற எனக்கு வாய் வரவில்லை. நான் வரைந்த படங்களும் அந்த அடுப்பிற்குத்தான் போயின.

அன்று மாலையே பலகை செய்தோம். கடையில் கேட்டு வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து இரண்டு அடுக்காக ஒட்டினோம். மூன்றடி நீளம், இரண்டடி அகலம். அதன்மேல் கழுவிக் காயவைத்த சாக்கை இழுத்துப் போர்த்திப் பின்புறம் கோணி ஊசியால் தைத்தோம். நான்கு ஓரங்களிலும் மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டினோம். குறுக்கே மூன்று கயிறுகள். கயிற்றில் துணிக்குப் போடும் கிளிப்புகள். குண்டூசி சிறு கைகளைக் குத்தும்; தாளையும் துளைக்கும். எங்கள் ஊர் மலையடிவாரம். இருபருவ மழையும் கொட்டும். சுவர் ஈரம் காயாது. ஆதலால் பலகையின் பின்னால் இரண்டு மரத்துண்டுகளை வைத்துச் சுவரைத் தொடாதபடி தொங்கவிட்டோம். இல்லாவிடில் தாளில் பூசணம் பூத்துவிடும். செலவு கிளிப்புக்கு மட்டும்தான்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பலகை தொங்க வேண்டிய உயரம் நம் கண்ணின் உயரமன்று, குழந்தையின் கண்ணின் உயரம். எந்தப் படத்தை மாட்டுவது, எதை எடுப்பது என்று முடிவு செய்வதும் அதன் உரிமையே. எடுத்த படத்தின் பின்புறம் தேதி எழுதிப் பெட்டியில் வைத்தால் போதும்.

மூன்றாம் நாள் அவள் ஒரு மலை வரைந்தாள். பாதி பச்சை, பாதி செம்மண். நடுவே ஒரு கோடு மேலிருந்து கீழாக இறங்கியது. "இது என்ன?" என்றதற்கு, "மலை விழுந்தது" என்றாள். 2001 நவம்பர் 9ஆம் நாள் பெருமழையில் எங்கள் ஊரில் மலை சரிந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அன்று அவள் பிறக்கவே இல்லை. யார் பேசியதைக் கேட்டாளோ! எங்கள் வீட்டில் அந்த இரவைப் பற்றிப் பேசுவதில்லை. பாட்டி பலகையின் முன் தரையில் அமர்ந்தார், நெடுநேரம் பார்த்தார், பின்னர் மெல்லச் சொல்லத் தொடங்கினார். அன்றிரவு கேட்ட ஓசையையும் விடியலில் கண்டதையும் நானே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அந்தத் தாளும் அடுப்பிற்குப் போயிருந்தால், குழந்தையின் அச்சமும் பாட்டியின் துயரமும் ஒன்றையொன்று அறியாமலே இருந்திருக்கும்.

"படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்பார் உளர். பேசினால் சோறு கிடைக்குமா என்று எவரும் கேட்பதில்லை. எழுத்துக் கூட்டத் தெரியுமுன் குழந்தை பேசும் இரண்டாவது மொழி படம். "பாராட்டினால் தலைக்கனம் ஏறும்" என்பர் வேறு சிலர். பலகை பாராட்டுப் பத்திரமன்று. "நீ சொன்னதை நாங்கள் கேட்டோம்" என்பதற்கு அடையாளம், அவ்வளவே.

போட்டிகள் போதாவா என்றும் கேட்கலாம். காயங்குளத்தில் பிறந்த கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949இல் தில்லியில் குழந்தைகளுக்கான ஓவியப் போட்டியைத் தொடங்கினார். அது உலகளவில் வளர்ந்தது. நற்பணிதான். ஆயினும் போட்டி ஒருவனுக்குப் பரிசளித்துப் பலரை வெறுங்கையோடு அனுப்பும். வீட்டுப் பலகையில் முதற்பரிசு இல்லை, தோற்றவரும் இல்லை. கொச்சியில் 1976இல் பிறந்து, ஏழாண்டு நிரம்புமுன் 1983இல் நோயால் மறைந்த கிளிண்ட் என்னும் சிறுவன் ஏறத்தாழ 25,000 படங்கள் வரைந்தான் என்பர். அவன் பெயர் இன்றும் நிலைப்பதற்கு அவன் கைத்திறன் மட்டும் காரணமன்று. அவற்றைக் குப்பையென எண்ணாமல் காத்த பெற்றோரும் காரணம். நம் வீட்டுக் குழந்தை கிளிண்ட் ஆக வேண்டியதில்லை. ஆனால் நாம் அந்தப் பெற்றோரைப் போல் ஆகலாம்.

இன்னொன்றும் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. அன்று முதல் எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பேச்சு தமிழ், பள்ளி பெரும்பாலும் மலையாளம். மலையாளம் எங்களுக்கு அயல்மொழியன்று. அதனை வெறுக்கச் சொல்லவுமில்லை. அக்காள் மகள் தன் மலையின் கீழே முதலில் மலையாளத்தில் பெயர் எழுதினாள். பிறகு, "தமிழில் எப்படி மாமா?" என்று கேட்டாள். எழுதிக் காட்டினேன். இப்போது இரண்டு எழுத்திலும் எழுதுகிறாள். எந்தப் பாடநூலும் அந்தக் கேள்வியை அவளிடமிருந்து வரவழைக்கவில்லை. ஒரு சாக்குத் துண்டு வரவழைத்தது.

நண்பர்களே! வரும் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது தம்பி தங்கையருக்கு மிட்டாய் வாங்கிச் செல்வீர்கள். கூடவே ஒரு டஜன் கிளிப்பும் வாங்கிச் செல்லுங்கள். அட்டையும் சாக்கும் வீட்டிலேயே கிடைக்கும். பலகையைத் தொங்கவிட்டபின் அதன்முன் தரையில் சிறிது நேரம் அமருங்கள். குழந்தை வந்து தானாகவே பேசும்.