பள்ளிவாசல் முற்றத்தில் செவிலியருக்கு ஓர் இடம்



ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நம் பள்ளிவாசல்களில் செய்யப்படும் அறிவிப்புகளைக் கவனித்துக் கேளுங்கள். ஒரு சகோதரருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் நடைபெறுகிறது, உதவி தேவை. மற்றொருவர் பக்கவாதத்தால் படுத்துவிட்டார், பிள்ளைகள் சிறியவர்கள். வாசலில் துண்டை விரித்துப் பிடித்து நிற்கும் இளைஞர்களை எவரும் வெறுங்கையோடு கடந்து செல்வதில்லை. அல்ஹம்துலில்லாஹ், இந்த ஈகை நம் சமுதாயத்தின் அழகு. ஆயினும் பக்கவாதத்திற்கும் சிறுநீரகச் செயலிழப்பிற்கும் பின்னால் பெரும்பாலும் நிற்பவை கட்டுக்குள் வைக்கப்படாத இரத்த அழுத்தமும் நீரிழிவும்தான். அவற்றைத் தொடக்கத்திலேயே கண்டறிய ஆகும் செலவு மிகச் சொற்பம். ஒருவர் விழுந்தபின் இலட்சங்களைத் திரட்டும் ஜமாஅத், அவர் விழுவதற்கு முன் கையில் ஒரு பட்டையைச் சுற்றி அளந்து பார்க்க ஏன் ஏற்பாடு செய்வதில்லை?

இது புதுச்சேரிக்காரர்களாகிய நம்மை நேரடியாகச் சுடும் கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளிவந்த பெரும் ஆய்வின்படி, நீரிழிவு மிகுந்த மாநிலங்களின் வரிசையில் கோவாவுக்கு அடுத்த இடத்தில் நிற்பது புதுச்சேரி. இங்கே 20 வயதுக்கு மேற்பட்டோரில் 26.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் உள்ளது. இரத்த அழுத்தம் நாடு முழுமைக்கும் 35.5 விழுக்காடு என்கிறது அதே ஆய்வு. அபிஷேகப்பாக்கம், தவளக்குப்பம், பாகூர், வில்லியனூர் என எந்த ஊர்ப் பள்ளிவாசலில் ஒரு வரிசை தொழ நின்றாலும், அந்த வரிசையில் சிலர் தம் உடலில் நோய் இருப்பதை அறியாமலே நிற்கிறார்கள். இரத்த அழுத்தத்தின் கொடுமை அது வலிக்காது என்பதே.

இதற்கு அரசு ஆள் நியமிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணைச் சுகாதார நிலையங்களும் உள்ளன. 30 வயது கடந்தோருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் திட்டம் உள்ளது. ஜிப்மர் மருத்துவமனை இராமநாதபுரம் கிராமத்தில் தனியாகவே ஒரு கிராமப்புற சுகாதார மையத்தை நடத்தி வருகிறது. அண்டையிலுள்ள தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நம் தெருக்களுக்கும் கிராமச் செவிலியர் வருகிறார். தடுப்பூசிக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவரை வரவேற்கும் நாம், நாற்பது வயது ஆணின் கையை அவரிடம் நீட்டுவதில்லை. அவர் வரும் நேரத்தில் அந்த ஆண் கடையில் இருப்பார், அல்லது வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்து விருந்தில் இருப்பார். ஆண்கள் அனைவரும் தவறாமல் கூடும் ஒரே இடம் பள்ளிவாசல், ஒரே நேரம் வெள்ளிக்கிழமை நண்பகல். ஆகவேதான் மாதம் ஒரு ஜும்ஆவுக்குச் செவிலியரைப் பள்ளிவாசலின் வெளிமுற்றத்திலோ மதரஸா கூடத்திலோ அமரவைக்க வேண்டும் என்கிறேன்.

"பள்ளிவாசல் மருத்துவமனையா?" என்று கேட்போர் உண்டு. அகழ்ப் போரில் ஸஃது பின் முஆத் (ரலி) அவர்கள் அம்பு தைத்துக் காயமுற்றபோது, நபி (ஸல்) அவர்கள் அவருக்காகக் கூடாரம் அடிக்கச் செய்தது தம் பள்ளிவாசலுக்குள்ளேயே. அருகிலிருந்து நலம் விசாரிக்க வசதியாக அவ்வாறு செய்தார்கள். காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்து வந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் பராமரிப்பில் ஸஃது அவர்கள் வைக்கப்பட்டதை இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரத் பதிவு செய்கிறது. இஸ்லாமிய உலகின் முதல் செவிலியராக இன்று பலரும் நினைவுகூர்வது அவரைத்தான். உம்மு அதிய்யா (ரலி) அவர்களோ ஏழு போர்களில் உடன் சென்று நோயுற்றோரைக் கவனித்தவர்கள். அந்தச் சுன்னத்துக்குச் சொந்தக்காரர்களான நாம், இரத்த அழுத்தக் கருவியை வெளிமுற்றத்தில் வைக்கத் தயங்குவது எனக்கு விளங்கவில்லை.

வருகிற செவிலியர் நம் மார்க்கத்தவர் அல்லர் என்ற முணுமுணுப்பையும் கேட்டிருக்கிறேன். ஹிஜ்ரத்தின்போது உயிரைப் பணயம் வைத்துச் சென்ற பாதைக்கு நபி (ஸல்) அவர்கள் அமர்த்திக்கொண்ட வழிகாட்டி அப்துல்லாஹ் பின் உரைகித், அன்று முஸ்லிம் அல்லர். வழி தெரிந்தவர், நம்பிக்கைக்குரியவர் என்பதே போதுமானதாக இருந்தது.

சரியாக அளப்பதற்கும் ஒழுங்கு உண்டு. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும்; தேநீர் குடித்து அரைமணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்; கை இதயத்தின் உயரத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும்; பேசக் கூடாது. சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி ஓட்டமாக எடுக்கும் அளவை நம்ப வேண்டாம். ஒரு முறை 140க்கு 90 காட்டினாலே நோயாளி என்று பொருளில்லை. வேறு நாள்களிலும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

அடுத்தது உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள், உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே தட்டில் சேரும் நம் கடலோரச் சாப்பாட்டில் அந்த அளவு பகலுணவோடு தீர்ந்துவிடும். இதை ஆண்களுக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை. பெண்கள் மதரஸாவில் செவிலியர் ஒரு மணி நேரம் பேசினால் ஊர் அடுப்புகளில் மாற்றம் தெரியும்.

ரமளானைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆண்டுதோறும் தவறு நடப்பது அங்கேதான். நோன்பு வந்ததும் பலர் பிரஷர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். இது தக்வா ஆகாது. நாளுக்கு ஒரு முறை போடும் அம்லோடிபின் போன்ற மாத்திரைகளின் ஆற்றல் ஒரு நாளுக்கும் மேல் உடலில் நிற்பதால், மருத்துவரைக் கேட்டு அவற்றை இஃப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றிக்கொள்ள முடியும். சிறுநீரைக் கூட்டும் மாத்திரை போடுவோர் நிலை வேறு. வெயில் காலத்து நோன்பில் உடலின் நீர் வற்றக்கூடும். இன்சுலின் போடுவோர் கட்டாயம் முன்கூட்டியே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோயாளிக்கு வேறு நாள்களில் நோற்கும் சலுகையை அல்பகரா அத்தியாயத்தில் வழங்கியவன் அல்லாஹ். அதை ஏற்க வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது? ஷஅபான் மாதப் பயான்களில் ஒன்றை உலமாக்கள் இதற்கென ஒதுக்கலாம்.

வெள்ளத்துக்கு வருவோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் நின்று, ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அது ஓய்ந்த கையோடு சாத்தனூர் அணையின் உபரிநீர் தென்பெண்ணையில் பெருகி வர, பாகூர்ப் பகுதியின் கரையோரக் கிராமங்கள் மூழ்கின. 2011இன் தானே புயலையும் 2004இன் ஆழிப்பேரலையையும் கண்ட பகுதி இது. இத்தகைய நேரங்களில் நம் இளைஞர்கள் சோறு பொங்குவதிலும் மீட்பதிலும் குறை வைப்பதில்லை. குறைவது முன்தகவல். எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, யாருக்கு நாளை மறுநாள் டயாலிசிஸ், யாருடைய இன்சுலின் மின்சாரமின்றிக் கெடப்போகிறது என்பவை செவிலியரின் பதிவேட்டில் இருக்கும். எந்தச் சந்தில் யார் வீடு, யாரிடம் வண்டி என்பவை ஜமாஅத்தின் சந்தாப் புத்தகத்தில் இருக்கும். இவ்விரு ஏடுகளும் ஒன்றையொன்று அறியாமலே இருக்கின்றன. நோயாளியின் சம்மதத்தோடு, தேவையான விவரத்தை மட்டும், நம்பகமான இருவர் பொறுப்பில் சேர்க்கலாம். பிறர் நோய் ஓர் அமானிதம், டீக்கடைப் பேச்சுக்குரியதன்று.

வீட்டிலும் சில ஏற்பாடுகள் வேண்டும்: இரண்டு வார மாத்திரையும் மருந்துச் சீட்டின் நகலும் நீர் புகாத பையில், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் சில. குளிர்பெட்டி ஓடாதபோது, இன்சுலினை நீர் படாமல் மூடி, ஈரமான மண்பானைக்குள் வைக்கலாம். வெள்ளநீரில் வெறுங்காலோடு நடந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கைவைத்தியம் பார்க்காமல் சுகாதார நிலையத்துக்கு ஓட வேண்டும்.

இவையெல்லாம் தவக்குலுக்கு முரணா? அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது சிரியாவின் எல்லையான ஸர்க் வரை வந்த உமர் (ரலி) அவர்கள், தோழர்களைக் கலந்து திரும்பிப் போனார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டதற்கு, அவனுடைய ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற பொருளில் விடையளித்தார்கள். மதரஸாவில் இதை நாங்கள் பாடமாக நடத்துகிறோம். முத்தவல்லிகளின் கூட்டத்திலும் ஒரு முறை நினைவூட்டலாம்.

செலவைக் கணக்கிட்டால் ஒரு தரமான கருவி, இரண்டு நாற்காலி, ஒரு நோட்டுப் புத்தகம். பைத்துல்மாலின் ஒரு மாத வசூலில் சிறு பங்கு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவே அந்தந்த ஊர் நிர்வாகிகள் சுகாதார நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதி, செவிலியர் வரக்கூடிய வெள்ளிக்கிழமையைக் கேட்டு வாங்கட்டும்.